மூன்று மாதத்தில் செத்துவிட்டதா என் லித்தியம் பேட்டரி?

வணக்கம் நண்பர்களே. வழக்கமாக முதலில் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் காட்டுவேன். இன்றைக்கு அது கிடையாது. நேராக இந்த மல்டிமீட்டரைப் பாருங்கள், நேற்று காலை எடுத்த படம். 0.2 வோல்ட். பன்னிரண்டு புள்ளி இரண்டு அல்ல, பத்து புள்ளி இரண்டும் அல்ல. வெறும் 0.2. சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரிகூடத் தீர்ந்து குப்பைக்குப் போகும்போது ஒரு வோல்ட்டுக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு போகும்!

பதினாறு நாள் வீட்டில் இல்லை. இரண்டு வாரம் வீடியோ வராததற்கும் அதுதான் காரணம். திரும்பி வந்து, பையைக்கூட இறக்கி வைக்காமல் சாவியின் பொத்தானை அழுத்தினேன். வண்டி கண்ணைத் திறக்கவில்லை. சாவியின் பேட்டரிதான் தீர்ந்துவிட்டது என்று நினைத்து, உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்தெடுத்துக் கதவைத் திறந்தேன். உள்விளக்கு எரியவில்லை. சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே இல்லை. இந்த 'ஒன்றுமே இல்லை' என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். காரீய பேட்டரி சாகும்போது சொல்லிவிட்டுத்தான் சாகும். ஸ்டார்ட்டர் முனகும், விளக்கு மங்கும், ரிலே டக் டக் டக் என்று மார்பில் அடித்துக்கொள்ளும். இது ஒரு மூச்சுகூட விடவில்லை. யாரோ பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பானட்டைத் திறந்தால் அது அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, என் நான்கடுக்கு மேடையின் மேல், ராஜா மாதிரி.

மேடை என்றதும் பழைய ஆட்கள் சிரிப்பீர்கள். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் இந்த வண்டியின் பழைய காரீய அமில பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்டேன். பெட்டியில் 'லித்தியம் அயன்' என்று போட்டிருந்தால் தமிழில் எழுதும்போது குழப்பம் வரும். அந்த 'அயன்' இரும்பா, மின்னேற்றம் கொண்ட துகளா? இங்கே இரும்பு. கைபேசியில் இருக்கும் வகையைவிடச் சூட்டைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. அதனால்தான் வண்டிக்கு இந்த வகை.

எடை பார்ப்பது என் வியாதி என்று உங்களுக்குத் தெரியும். பழையதைக் கையில் பிடித்துக்கொண்டு தராசில் ஏறினேன், என் எடையைக் கழித்தேன்: 12.1 கிலோ. புதியது 3.6. வித்தியாசம் 8.5 கிலோ. அந்த வீடியோவில் நான் குதித்த குதியை இப்போது பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. கீழே ஒருவர், "டேங்கில் 11 லிட்டர் பெட்ரோல் குறைவாகப் போட்டால் இதே எடை குறையுமே" என்று எழுதியிருந்தார். கணக்குச் சரி. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோதான் வரும். அவருக்கு அன்று நான் பதில் எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்: ஐயா, பெட்ரோல் பின்சீட்டுக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரி முன்மூலையில், உயரத்தில் இருக்கிறது. ஒரே எடை என்றாலும் இருக்கும் இடம் வேறு. சரி, ஓட்டும்போது அந்த எட்டுக் கிலோ தெரிகிறதா என்றால், தெரியவில்லை. தெரிகிறது என்று சொல்லும் வீடியோக்களை நான் நம்புவதில்லை.

தெரிவது வேறொன்று. கிளப்பும்போது வரும் சத்தம். காரீய பேட்டரியில் சாவியைத் திருப்பிய கணத்தில் வோல்ட் 9.8 வரை இறங்கியதை மீட்டரில் பதிவு செய்திருந்தேன். லித்தியத்தில் அது 11.4க்குக் கீழே போகவே இல்லை. ஸ்டார்ட்டர் கனைக்காமல், இழுக்காமல், சட்டென்று சுற்றுகிறது. முதல் வாரம் வேலையே இல்லாமல் வண்டியைக் கிளப்பி அணைத்துக்கொண்டிருந்தேன்.

மேடைக்கு வருகிறேன். புதிய பேட்டரி பழையதைவிட 5 சென்டிமீட்டர் உயரம் குறைவு. கடைசியில் வந்த சிக்கல் முழுவதும் அந்த 5 சென்டிமீட்டரில்தான் தொடங்கியது. பேட்டரியை மேலிருந்து அழுத்திப் பிடிக்க ஒரு இரும்புப் பட்டை இருக்கும். அதை இறுக்க, தூண்டில்முள் மாதிரி அடி வளைந்த இரண்டு நீளக் கம்பிகள். அந்தக் கம்பிகளில் மரை மேல்பகுதியில் கொஞ்சதூரம்தான் வெட்டியிருப்பார்கள். பேட்டரி குள்ளமானதும் நட்டு இறங்கி இறங்கி, மரை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. பட்டைக்கும் பேட்டரிக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. பேட்டரி ட்ரேயில் ஆடுகிறது.

ஆடினால் என்ன என்று விட்டுவிடக் கூடாது. ஒரு பெரிய பள்ளத்தில் பேட்டரி எகிறி பிளஸ் முனை பானட்டின் உட்புறத்தில் பட்டால் வண்டியின் உடம்பே மைனஸ். நேரடி ஷார்ட் சர்க்யூட். லித்தியம் தயங்காமல் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும்.

முதலில் மேலே இட்டு நிரப்பிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட்டை மடித்து மடித்து வைத்தேன். பிடித்துக்கொண்டது. ஆனால் பேட்டரி தாழ்ந்துவிட்டதால் பிளஸ் கேபிள் முனைக்கு எட்டவில்லை. ஒரு கட்டைவிரல் அகலம் குறைகிறது. இழுத்து மாட்டலாம், மாட்டினால் அந்த இழுப்பு முழுவதும் டெர்மினலில் விழும். எனவே கீழே இட்டு உயர்த்துவது என்று முடிவு. மரக்கட்டை வேண்டாம், ஈரம் குடித்து ஊறும். இரும்பு வேண்டவே வேண்டாம். சமையலறையில் காய் நறுக்கும் பழைய பிளாஸ்டிக் பலகை ஒன்று, 12 மில்லிமீட்டர் கனம். அதை எட்டுத் துண்டாக அறுத்து, நான்கு நான்காக அடுக்கி, இரண்டு ஓரத்திலும் வைத்தேன். நான்கு பன்னிரண்டு நாற்பத்தெட்டு, மேலே பட்டைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் ரப்பர் ஷீட். மொத்தம் 51. நட்டு மரையில் கச்சிதமாக இறுகியது. பேட்டரியைப் பிடித்து உலுக்கினால் வண்டிதான் ஆடியது! அறுக்கும்போது பறந்த வெள்ளைத் துருவல் இன்னும் என் கருவிப்பெட்டிக்குள் இருக்கிறது.

அந்த எட்டுத் துண்டும் சேர்ந்து 440 கிராம். ஆகவே உண்மையான சேமிப்பு 8.5 கிலோ இல்லை, 8.06 கிலோ. கணக்கு என்றால் கணக்கு.

அட, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நீங்கள் யாராவது வீட்டில் இதைச் செய்தால் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ் நட்டைத் தளர்த்தும்போது ஸ்பேனரின் மறுமுனை வண்டியின் உடம்பில் பட்டாலும் மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. இதைப் போன வீடியோவில் சொல்லாமல் விட்டதற்கு எனக்கு நியாயமான திட்டு விழுந்தது.

இப்போது நேற்று காலைக்குத் திரும்புவோம். 0.2 வோல்ட். மூன்று மாதத்தில் செத்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். உத்தரவாதச் சீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டேன். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. செத்த பேட்டரி 0.2 காட்டாது. உள்ளே இருக்கும் நான்கு செல்லும் ஒரே நாளில் பூஜ்ஜியத்துக்கு வருவது நடக்கிற காரியம் இல்லை. உள்ளே ஒரு காவல்காரன் இருக்கிறான், பி.எம்.எஸ். என்று சொல்வார்கள், செல்களை மேற்பார்க்கும் மின்பலகை. செல் அளவுக்கு மீறி இறங்கினால் கெட்டுவிடும் என்பதற்காக, அதற்கு முன்பே அவன் கதவைச் சாத்திவிடுவான். உள்ளே கொஞ்சம் மின்சாரம் பத்திரமாக இருக்கும். வெளியே முனைகளில் ஒன்றும் இருக்காது. செத்தது இல்லை, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறது.

சரி, சார்ஜரை மாட்டி எழுப்பலாம் என்று போனேன். என்னிடம் இருக்கும் சார்ஜர் லித்தியத்துக்கென்றே வாங்கியது, அறிவாளி சார்ஜர். அதன் அறிவைக் கேளுங்கள். முனையில் ஒரு குறைந்தபட்ச வோல்ட் இருந்தால்தான் பேட்டரி மாட்டியிருப்பதாக ஒப்புக்கொள்ளும். 0.2 வோல்ட்டைப் பார்த்ததும், 'பேட்டரியே இல்லை' என்று சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறது. பேட்டரி சொல்கிறது, நீ மின்சாரம் கொடு, நான் திறக்கிறேன். சார்ஜர் சொல்கிறது, நீ திற, நான் மின்சாரம் கொடுக்கிறேன். நடுவில் நான், தூக்கமில்லாமல், பயணத்தில் போட்ட சட்டையோடு. அதிகமாக யோசிக்கும் கருவிகள் எனக்கு எப்போதுமே ஆகாது.

எழுப்பியது யார் தெரியுமா? நீங்கள் மூன்று மாதமாக, "அதை ஏன் இன்னும் மூலையில் வைத்திருக்கிறீர்கள், மறுசுழற்சிக்குக் கொடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அந்தக் கிழவன்தான். பழைய காரீய பேட்டரி. தூசியைத் தட்டி மீட்டரை வைத்தேன், 12.4. மூன்று மாதம் சும்மா கிடந்தும் 12.4! ஜம்பர் கேபிளை எடுத்து பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் கொடுத்தேன். இரண்டு விநாடி. கதவுப் பூட்டு நான்கும் ஒரே நேரத்தில் டப் என்று துள்ளின. உள்விளக்கு எரிந்தது. 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே காரீயத் தகட்டை அமிலத்தில் அமிழ்த்தி உருவாக்கிய அதே தத்துவம்தான் வந்து இந்த நவீன வாரிசின் கதவைத் தட்டி எழுப்பியிருக்கிறது. கிழவனை இனிமேல் நான் எங்கேயும் அனுப்பப்போவதில்லை. சும்மா சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், துடைத்து, சார்ஜ் ஏற்றி வைத்தாயிற்று.

எழுந்த பிறகு லித்தியத்தின் முனையில் அளந்தேன். 12.9. இந்த எண்ணைக் கவனியுங்கள். காரீய பேட்டரியில் ஓய்வு நிலையில் 12.7 வந்தாலே வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். லித்தியத்தில் 12.9 என்றால் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிறைந்த லித்தியம் 13.3, 13.4 காட்டும். அதிலும் நடுவில் பெரும்பகுதி தூரம் 13.2 பக்கத்திலேயே நின்றுவிடும். பாதியா, முக்காலா என்று வோல்ட்மீட்டரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. சமவெளியில் நடந்துபோய்த் திடீரென்று பள்ளத்தில் விழுகிற மாதிரி.

ஏன் பதினாறு நாளில் காலியானது? எனக்கு உண்மையான எரிச்சல் இங்கேதான். பெட்டியின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் '60 ஆம்பியர் மணி' என்று போட்டிருந்தது. பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்பதன் அளவு அது. என் பழையதே 45தான், பரவாயில்லையே, கூடுதலாகவே இருக்கிறதே என்று வாங்கினேன். அந்த 60க்குக் கீழே, எறும்பு எழுத்தில், 'காரீயத்துக்கு ஈடான' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள். ஈடு என்றால் தமிழில் அடகு என்றும் ஒரு பொருள் உண்டு. அடகு போனது நான்தான்.

உண்மை அளவைக் கண்டுபிடிக்கும் வழி சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியின் பக்கவாட்டில் வாட்-மணி என்று ஒரு எண் இருக்கும், உள்ளே இருக்கும் மொத்த ஆற்றலின் அளவு. லித்தியம் பேட்டரிகளுக்கு விமானப் போக்குவரத்து விதிகளின்படி அதைப் பொறித்தாக வேண்டும், அதில் 'ஈடான' விளையாட்டெல்லாம் கிடையாது. என்னுடையதில் 256. அதை இந்த வகை பேட்டரியின் பெயரளவு வோல்ட்டான 12.8ஆல் வகுத்தால் 20. இருபது ஆம்பியர் மணி! அறுபது எங்கே, இருபது எங்கே?

அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். கிளப்புவதற்கு மட்டும் என்றால் இருபது தாராளம். ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுத்து இரண்டு விநாடி சுற்றினால் செலவாவது 0.1 ஆம்பியர் மணிகூட இல்லை. அந்த நொடியில் லித்தியம் காரீயத்தைவிடச் சுலபமாகக் கொட்டித் தீர்க்கும். காரீயத்தை முழுவதும் வடித்தால் தகடு கெட்டுவிடும் என்பதால், அதன் கொள்ளளவில் பெரும்பங்கு தொடக்கூடாத பணம். ஆகவே 20 அந்த 60க்கு ஈடு என்பது கிளப்புவதைப் பொறுத்தவரை பொய் இல்லை. நிற்கும் வண்டிக்கு அது பச்சைப் பொய். அலாரமும் கடிகாரமும் பூட்டின் ரிசீவரும் இரவு பகலாகக் குடிப்பது உண்மையான ஆம்பியர் மணியைத்தான்.

நேற்று மதியம் அதையும் அளந்தேன். மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தேன். முதலில் 300 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடியது. பயந்துவிடாதீர்கள், வண்டியின் கணினிகள் தூங்க நேரம் எடுக்கும். அரை மணி நேரம் பானட்டையும் கதவையும் தொடாமல் நின்றேன். படிப்படியாக இறங்கி 40 மில்லி ஆம்பியரில் நின்றது. 40 என்பது ஒழுங்கான வண்டிக்கு இயல்பான அளவுதான். நாளைக்கு ஏறத்தாழ 1 ஆம்பியர் மணி, பதினாறு நாளைக்குப் பதினைந்தரை. இருபதில் காவல்காரன் அடியில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொள்கிறான். நான் கிளம்பும்போது முழுதாக நிறைந்திருக்கவும் இல்லை. கணக்கு நேராகிவிட்டது. பழைய 45ஆக இருந்திருந்தால் இதே பதினாறு நாளுக்குப் பிறகும் முனகிக்கொண்டாவது கிளம்பியிருக்கும்.

போர்ஷ நிறுவனம் 2010இல் சில வண்டிகளுக்கு லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது. 6 கிலோவுக்கும் குறைவு, வழக்கமானதைவிட 10 கிலோவுக்கு மேல் எடை கம்மி. அந்த லித்தியத்தை வாங்குபவருக்குக் கூடவே ஒரு சாதாரணக் காரீய பேட்டரியையும் சேர்த்துக் கொடுத்தார்கள், கடுங்குளிருக்காக! குளிரில் லித்தியம் சோம்பிவிடும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகவே படிந்து செல் கெடும். பந்தய வண்டி செய்கிறவர்களே கிழவனைக் கைவிடவில்லை, நான் எம்மாத்திரம்.

இதைப் போட நினைப்பவர்கள், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரையும் பாருங்கள். என் வண்டி பழையது. எஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் நிலையாகக் கொடுக்கிறது, லித்தியத்துக்கு அது போதும். புதிய வண்டிகள் பலவற்றில் கணினி வோல்ட்டை ஏற்றி இறக்கும், மைனஸ் முனையில் ஒரு சென்சாரும் உட்கார்ந்திருக்கும். அந்தக் கணினி காரீயத்தின் குணத்தை மனப்பாடம் செய்தது. அதனிடம் சொல்லாமல் பேட்டரியை மாற்றினால் வம்பு. இன்னொன்று, காரீயத் தகட்டில் படியும் சல்பேட்டைக் கரைக்க, 'சல்பேட் நீக்கும்' முறை உள்ள பழைய சார்ஜரை இதில் மாட்டாதீர்கள். அது அனுப்பும் உயர் வோல்ட் இதற்கு விஷம்.

இனி, என் மானம் போன பகுதி. வெட்டிவிடலாமா என்று நினைத்தேன், வேண்டாம், இருக்கட்டும்.

எல்லாம் முடிந்து நேற்று இரவு கையேட்டைப் புரட்டினேன். ஆமாம், மூன்று மாதம் கழித்து. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு படம். பேட்டரியின் மேல்மூடியில், நடுவில், ஒரு சிறிய ரப்பர் பொத்தான். பேட்டரி தூங்கிப்போனால் அதை அழுத்தினால் போதும், ஒதுக்கி வைத்த மின்சாரத்தைத் திறந்து கொடுக்கும், ஒருமுறை கிளப்பிக்கொள்ளலாம். கிழவன் வேண்டாம், ஜம்பர் கேபிள் வேண்டாம், அறிவாளி சார்ஜர் வேண்டாம்.

நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூடியின் மேல் பொத்தான் எதுவும் தெரியவில்லை. என்ன தெரிந்தது சொல்லுங்கள்? இரும்புப் பட்டை. ஒரு வீடியோ முழுக்க நான் அளந்து, அறுத்து, அடுக்கி, மில்லிமீட்டர் தப்பாமல் இறுக்கிய அதே பட்டை. பொத்தானின் நெஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் ஷீட்டில் பொத்தானின் வட்ட அச்சுகூட விழுந்திருக்கிறது, இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், தெரிகிறதா? வெளிச்சம் பட்டால் தெரியும். மூன்று மாதமாக அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். நல்லவேளை, குழிக்குள் பதிந்த பொத்தான், முழுவதும் அமுங்கவில்லை.

பட்டையை நகர்த்த இடம் இல்லை, கம்பிகளின் துளை அங்கேதான். இன்று காலை பட்டையைக் கழற்றி, பொத்தானுக்கு நேர் மேலே 10 மில்லிமீட்டர் துளை போட்டேன். துளையிட்ட ஓரத்தில் துருப்பிடிக்காமல் பெயின்ட் அடித்துக் காயவிட்டு மாட்டினேன். என் சுண்டுவிரல் போகவில்லை. பென்சில் போகிறது. பின்பக்கம் அழிப்பான் உள்ள பென்சிலாக இருக்கட்டும், கூர்முனையால் குத்தினால் ரப்பர் கிழியும்.

டிக்கியில் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் டிக்கி மின்சாரத்தில் மட்டும் திறப்பதாக இருந்தால், பேட்டரி தூங்கியபின் அந்தப் பொத்தானை அழுத்த உள்ளே எப்படிப் போவீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். வந்து கடிகாரத்தைத் திருத்துவதும், ஜன்னல் கண்ணாடி தானாக ஏறுவதை மறுபடி சொல்லிக்கொடுப்பதும் இரண்டு நிமிட வேலை. பென்சிலை ஓட்டுநர் கதவின் பைக்குள் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். எடை 5 கிராம். அதையும் கழித்துக்கொள்ளுங்கள், 8.055.